இறுவட்டும் காமன் கூத்தும்

மலைநாட்டுக்குச் செல்வோர் எதைக் காணச் செல்கின்றனர் என்பது நாம் அறிந்ததே. டெவன் நீர்வீழ்ச்சி உண்டு. நுவரெலியாவில் பூந்தோட்டமும் குதிரைப் பந்தயத் திடலும் உண்டு. பருவகாலமாயின் சிவனொளிபாத மலையும் உண்டு. 2024ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நான் ஹட்டனுக்குப் புறப்பட்டது இவற்றில் எதனையும் காண்பதற்கன்று. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் பலரிடம் சொன்ன ஒரு வார்த்தை பொய்யாகிப் போயிற்றா என்று பார்த்து வருவதற்கே சென்றேன்.

பையில் மாற்றுடை சொற்பம். மற்றவையெல்லாம் தளவாடங்கள்: ஒரு மடிகணினி, இறுவட்டுகளைப் படிக்கும் கருவிகள் இரண்டு, மெல்லிய பருத்தித் துணி, படித்தெடுப்பதைச் சேமித்து வைக்க ஒரு வன்தட்டு. கருவி எதற்கு இரண்டு என்று கண்டிப் புகையிரத நிலையத்தில் என் மாணவன் ஒருவன் கேட்டான். ஒன்று படிக்க மறுக்கும் வட்டை மற்றொன்று சில வேளைகளில் படித்துவிடும். மனிதர்களிலும் அப்படித்தானே என்றேன். அவன் இறுவட்டைப் பாட்டுக் கேட்கும் பொருளாகக் கண்டவன் அல்லன். அவன் வீட்டில் அது முச்சக்கர வண்டியின் கண்ணாடிக்கு மேலே தொங்கும் அலங்காரம்.

நாவலப்பிட்டியைத் தாண்டியதும் வண்டி மூச்சிரைக்கத் தொடங்கிற்று. நாவலப்பிட்டி வரை 1874இல் வந்துவிட்ட இருப்புப் பாதை, அங்கிருந்து ஹட்டனைத் தொடுவதற்குப் பத்து ஆண்டுகள் பிடித்தது என்பதைக் கல்பொடையிலும் வட்டவளையிலும் வெளியே எட்டிப் பார்ப்பவர் எளிதில் நம்புவர். ஒரு புறம் செங்குத்தான பாறை; மறு புறம் மஞ்சு மூடிய பள்ளம். ஜன்னலோரத்து இருக்கைகளைப் பிறநாட்டுப் பிரயாணிகள் பிடித்துக்கொண்டு படம் எடுத்த வண்ணம் இருந்தனர். அவர்களிடையே கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள், பெருநாளுக்கு வாங்கிய துணிப் பொதிகளை மடியில் வைத்தபடி நின்றுகொண்டே தூங்கினர்.

2004ஆம் ஆண்டில் நான் ஹட்டன் நகரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கி ஆசிரியத் தொழில் பார்த்து வந்தேன். வயது இருபத்தைந்து. மணமாகவில்லை. முதன்முதலாகச் சேர்ந்த பணத்தில் ஒரு கணினி வாங்கினேன். அக்காலத்தில் அது எனக்குப் பெரும் செலவு. வட்டில் எழுதும் கருவி அதில் பொருத்தப்பட்டிருந்தது. பின்னர் ஒளிநாடாவிலுள்ள படத்தைக் கணினிக்குள் இறக்கும் அட்டை ஒன்றையும் கொழும்பிலிருந்து தருவித்துக் கொண்டேன். ‘மாஸ்டர் வீட்டிலேயே சீடி அடிக்கிறாராம்’ என்ற செய்தி டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் எப்படித்தான் பரவியதோ, ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறை வாசலில் நாலைந்து சோடிச் செருப்புகள் கிடக்கத் தொடங்கின.

அவ்வேலை எவ்வாறு நடக்கும் என்பதை இன்றைய இளைஞர்க்குச் சற்று விளக்க வேண்டும். மூன்று மணி நேர நாடா என்றால், அதைக் கணினிக்குள் இறக்க மூன்று மணி நேரமும் டெக் ஓட வேண்டும்; அவசரப்படுத்த இயலாது. பிறகு அந்தப் படத்தை வட்டுக்குரிய வடிவத்துக்குச் சுருக்குவதற்கு இரவு முழுவதும் கணினி முனகிக்கொண்டிருக்கும். அதன் பின்னரே வட்டில் எழுதுதல். ஆங்கிலத்தில் இதற்கு எரித்தல் என்றே பெயர். பெயர் பொருத்தமானதுதான். வட்டினுள்ளே சாயப் படலம் ஒன்று உண்டு. கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிரொன்று அதன்மேல் விழுந்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருள் சுருளாகப் புள்ளிகளைச் சுட்டுக்கொண்டே போகும். ஒரு வட்டிலுள்ள அச்சுருளை நேராக நீட்டினால் ஐந்து கிலோமீற்றருக்கு மேல் வரும். நிதானமாக நடப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாத நடை. இடையில் மின்சாரம் நின்றால் அவ்வளவும் பாழ். மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கேறும் போது மின்னழுத்தம் தாழ்ந்து போகுமாதலால், நான் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து எரிப்பது வழக்கம். என்னிடம் இருந்த மென்பொருள் ஜெர்மனியில் ஆக்கப்பட்ட ‘நீரோ’ என்பது. ரோமாபுரி எரிகையில் பிடில் வாசித்தானாம் என்று கதை சொல்கிறார்களே, அந்த மன்னனின் பெயர்தான். எரியும் அரங்கொன்றின் சிறு படமும் திரையில் தோன்றும். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தீயைப் பார்த்திருப்பேன்.

ஒரு வட்டில் 74 அல்லது 80 நிமிடப் படமே அடங்கும். ஆகவே ஒரு கலியாணம் மூன்று வட்டுகளாகும்: நிச்சயம் ஒன்றில், தாலி ஒன்றில், விருந்து ஒன்றில். அயல்வீட்டார் இரவல் வாங்கிச் சென்று திருப்பிக் கொடாமல் விடுவது எப்போதும் தாலி கட்டிய வட்டையே!

இங்கே சொல்லைப் பற்றி ஒரு சொல். தமிழகத்தார் குறுந்தகடு என்பதை ஈழத்தவர் நாம் இறுவட்டு என்கிறோம். இறுகச் செறிந்த வட்டு என்று கருதி யாரோ நல்ல தமிழறிஞர் ஆக்கியிருக்க வேண்டும். ஆயினும் இறுதல் என்னும் சொல்லுக்கு முறிதல், கெடுதல், முடிதல் என்ற பொருள்களும் அகராதியில் உண்டு. தமிழ் கற்பிக்கும் எனக்கு அக்காலத்தில் இது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் வாயை அடக்கியிருப்பேன்.

ஏனெனில், வந்தவர் ஒவ்வொருவரிடமும் நான் ஒரே பாடத்தை ஒப்புவித்தேன். ‘நாடா பூஞ்சணம் பிடிக்கும், இழுபடும், அறுந்துபோகும். வட்டு அப்படியன்று. நூறு வருடம் இருக்கும். இனி இந்த நாடாவை வைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை’ என்பேன். நான் இட்டுக்கட்டிச் சொன்னதன்று. இத்தகைய வட்டுகள் நூறிலிருந்து இருநூறு ஆண்டுகள் வரை நிலைக்கும் என்று உற்பத்தியாளரே கூறி வந்தனர். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஒரு கையேட்டிலும் அக்கணிப்பைக் காணலாம். ஆனால் அதே கையேட்டில் வட்டின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டாதீர், வெப்பத்திலும் ஈரத்திலும் வைக்காதீர் என்றெல்லாம் எழுதியிருந்ததை நான் பல ஆண்டு கழித்தே வாசித்தேன். நானோ, கம்பியில் நூறு நூறாகக் கோத்து விற்கப்பட்ட பெயரில்லா மலிவு வட்டுகளை வாங்கி, அழகுக்காகப் பூப்போட்ட ஒட்டுத்தாளும் ஒட்டிக் கொடுத்தவன். மக்கள் மாஸ்டரின் பேச்சை நம்பினர். நாடாக்கள் வேறு கலியாணங்களுக்கு மறுபடி பயன்பட்டன. சில, பிள்ளைகள் இழுத்து விளையாடும் கறுப்பு நாடாவாக வேலிகளில் பறந்தன.

ஹட்டனில் இறங்கிப் பொகவந்தலாவை பஸ்ஸைப் பிடித்தேன். டிக்கோயாவைக் கடந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தைக் கண்டவாறு நோர்வூட், அதற்கப்பால் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு. நான் செல்ல வேண்டிய தோட்டத்துக்கு வேறொரு வண்டி மாற வேண்டும். அது வர இரண்டு மணி நேரம் இருந்தமையால் பரிசுத்த மரியாள் தேவாலயத்துக் கல்லறைகளுக்கிடையே நடந்தேன். அங்கே ஜூலியா மார்கிரெட் கமரூன் என்னும் அம்மையார் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கோல்புறூக் - கமரூன் சீர்திருத்தம் என்று நாம் வகுப்பில் நெட்டுருச் செய்தோமே, அந்தக் கமரூனின் மனைவி. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இம்மலையிலே காலமானவர். நிழற்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். ஈரமான மருந்து பூசிய கண்ணாடித் தகட்டில், அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. ஆனால் அவற்றை நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்று கண்ணால் பார்க்கலாம். எந்தக் கருவியும் வேண்டாம். களுத்துறைக் குடியானவர் சிலர் அவற்றிலொன்றில் நம்மையே நோக்கி நிற்கின்றனர். அவர்களுடைய பெயர்தான் எழுதப்படவில்லை. நான் எரித்துக் கொடுத்த வட்டுகளிலோ பெயரெல்லாம் அழகாக எழுதியிருந்தது. முகம் இருக்குமா என்பதே கேள்வி.

தோட்டத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. என் தாய்வழி உறவினர் சிலர் அங்கே பணிய லயத்தில் இருக்கின்றனர். கொழுந்து மடுவத்தைத் தாண்டி ஒற்றையடிப் பாதையில் இறங்குகையில், லயத்துக்குப் பின்புறமுள்ள மரக்கறிப் பாத்திகளில் ஏதோ மின்னியது. லீக்ஸ் பாத்தியின் குறுக்கே கயிறு கட்டி, பறவைகளை வெருட்டுவதற்காகப் பத்துப் பதினைந்து வட்டுகளைத் தொங்க விட்டிருந்தனர். பிற்பகல் மழைக்கு முந்திய காற்றில் அவை சுழன்று வெயிலை வீசின. அருகில் சென்று ஒன்றைத் திருப்பினேன். பூப்போட்ட ஒட்டுத்தாள், மழையில் கரைந்த மை, ஆயினும் ‘கலியாணம் - 2’ என்ற எழுத்து என்னுடையதே.

“அது ஓடல்லீங்க மாஸ்டர். அதான் குருவிக்கு மாட்டிட்டோம்” என்றான் பாத்திக்காரப் பையன். அவன் பெற்றோரின் கலியாணமாம் அது.

அன்று மாலையும் அடுத்த நாள் முழுவதும் என் மாமன் வீட்டு இஸ்தோப்பில் மேசையொன்றைப் போட்டு அமர்ந்தேன். சேதி பரவிற்று. சீலைத் துணியில் சுற்றியும், பிஸ்கட் தகரத்தில் போட்டும், சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தும் வட்டுகளைக் கொண்டு வந்தனர். முன்பு செருப்புகள் கிடந்தது போலவே இப்போதும் கிடந்தன. ஆனால் முன்பு சிரித்துக்கொண்டு வந்தவர்கள் இப்போது வைத்தியரிடம் வருபவர் போல வந்தனர்.

வட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். சிலவற்றில் வெள்ளிப் பூச்சு புள்ளி புள்ளியாகக் கழன்று, மறுபுறத்து விளக்கு ஊசித்துளை வழியே தெரிந்தது. பலரும் வட்டின் பளபளப்பான அடிப்பக்கமே உயிர்நிலை என்று எண்ணி அதையே காப்பாற்றுகின்றனர். அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு மேலான தடிப்பில் பிளாஸ்டிக் இருக்கிறது. சிறு கீறலை அது தாங்கும். உண்மையில் படம் உறைவது பெயர் எழுதும் மேற்பக்கத்தின் அருகே, மெல்லிய அரக்குப் பூச்சுக்குச் சற்றுக் கீழே. அங்கேதான் நான் ஒட்டுத்தாளை ஒட்டினேன். இம்மலையின் ஈரத்தில் தாள் ஊறிச் சுருங்கி, வெள்ளிப் பூச்சையும் தன்னோடு உரித்துக்கொண்டது. டி.வி.டி. எனப்படும் பிந்திய வகையில் சாயப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே கிடப்பதால் அவை மேலிருந்து வரும் கேட்டுக்கு ஓரளவு தப்பியிருந்தன. வீட்டில் இத்தகைய வட்டுகளை வைத்திருப்போர் ஒன்று செய்யலாம். ஒட்டுத்தாளை உரிக்க முயலாதீர்கள். உரித்தால் உள்ளதும் போகும். துடைப்பதானால் வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். இன்னும் ஓடுகிறதே என்று எண்ணாமல், ஓடும்போதே கணினிக்கு மாற்றி இரண்டு மூன்று இடங்களில் வைத்துவிடுங்கள். படிக்கும் கருவிகளும் அருகி வருகின்றன. புதிய மடிகணினிகள் பலவற்றில் வட்டுக்கு வாயே இல்லை. நாடா இயக்கும் டெக்கின் கதை இன்னும் மோசம். அதைச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமொன்று 2016இல் கைவிட்டது.

பழைய படவட்டுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. எழுத்துக் கோப்புகளைத் தாங்கும் வட்டில், பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ளும் குறிகளுக்கென்று கணிசமான இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். அதிக நிமிடம் கொள்ள வேண்டும் என்பதற்காகப் படவட்டில் அவற்றுள் ஒரு பகுதியை விட்டுவிட்டார்கள். அதனால் சாதாரண முறையில் நகலெடுக்கப் போனால் ஒரு பழுதில் கணினி முரண்டு பிடித்து நின்றுவிடும். முதலில் நல்ல இடங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு, பழுதான இடங்களுக்குப் பின்னர் திரும்பி வந்து மெதுவாக மறுபடி மறுபடி முயலும் மென்பொருள்கள் இருக்கின்றன, இலவசமாகவே கிடைப்பவை. அவற்றைக்கொண்டு பார்த்ததில், வந்தவற்றுள் ஏறக்குறையப் பாதி முழுமையாகத் தேறின. சில, முகங்கள் சதுரம் சதுரமாகச் சிதறிச் சிதறிப் பாதியளவு வந்தன. மற்றவை வரவில்லை.

வராதவற்றுள் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. தொங்கல் காம்பராவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், ஓய்வுபெற்ற கவ்வாத்துக்காரர். அவர் மகளின் சடங்கு வீட்டை நான் 2005இல் வட்டாக்கிக் கொடுத்திருந்தேன். அந்தப் பெண் பின்னர் மணமாகிச் சென்ற இடத்தில் தலைப்பிள்ளைப் பேற்றில் இறந்துவிட்டாள். அவள் நடப்பதும் சிரிப்பதும் உள்ள படம் அது ஒன்றே. இரண்டு கருவிகளிலும் போட்டேன். இரவு முழுவதும் ஓட விட்டேன். விடியும்வரை சுழன்றது, ஒரு கணப் படமும் வரவில்லை. காலையில் பெரியவர் வந்தார். நான் சொல்லத் தொடங்குமுன் என் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார். வட்டை வாங்கித் துவாயில் சுற்றினார்.

“பரவாயில்ல மாஸ்டர். வட்டு இருக்குல்ல” என்றார்.

நாடாவை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்கே தெரியும்.

நான் அத்தோட்டத்துக்குச் சென்றதற்குத் தனியான காரணம் ஒன்றும் இருந்தது. மாசி மாதத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றி, விரதம் காத்து, பல நாள் நிகழும் வழிபாடு அது. நாடகமென்று மட்டும் கொள்ளலாகாது. ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடக்கும். சிவனின் தவத்தைக் கலைக்க வேண்டும் என்று தூது வரும். போக வேண்டாம் என்று ரதி மன்றாடுவாள். இறுதி இரவில் நெற்றிக்கண் திறந்து காமன் எரிவான். ரதியாக ஆடுபவரும் ஆடவரே. தப்பின் ஒலி எதிர்மலையில் மோதித் திரும்பும். தோட்டத்து மக்கள் தமிழகத்திலிருந்து எடுத்து வந்த சொத்துகளுள் எந்தத் துரையும் கணக்கில் எழுதாதது இது.

அத்தோட்டத்தில் கூத்தைப் பழக்கிய வாத்தியார் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியாரல்லர், பகலில் மலையில் வேலை செய்து, மாசியில் வாத்தியாரானவர். ரதியின் புலம்பலை அவர் பின்பாட்டாகப் பாடத் தொடங்கினால் இஸ்தோப்பில் உறங்கும் குழந்தைகள் எழுந்து அமர்ந்துவிடும். 2005 மாசியில், குவைத்திலிருந்து விடுமுறையில் வந்த இளைஞனொருவன் தன் கமராவில் இறுதி இரவை மூன்று மணி நேரம் பிடித்தான். அதை நான் மூன்று வட்டுகளாக எரித்தேன். காமன் எரிவதையே எரித்தோமடா என்று அன்று நாங்கள் சொல்லிச் சிரித்தோம். நாடாவில் மறு வாரமே ஒரு கலியாணம் பதிவாயிற்று. என் வார்த்தையின் பேரில்தான். 2011இல் வாத்தியார் காலமானார். பிறகு சில ஆண்டுகள் கூத்து ஏனோதானோவென்று நடந்து, நின்று போயிற்று.

இப்போது அத்தோட்டத்து இளைஞர் பத்துப் பேர் அடுத்த மாசிக்குக் கம்பம் ஊன்ற எண்ணியிருந்தனர். வாத்தியாரின் பேரன் அவர் கைப்பட எழுதிய பாட்டுக் கொப்பியை என்னிடம் காட்டினான். அட்டை கிழிந்து, ஓரம் கரையானரித்து, ஆனால் பாட்டு முழுவதும் இருந்தது. மெட்டுத்தான் அதில் இல்லை. “பாட்டு கொப்பியில இருக்குங்க மாஸ்டர். இழுப்பு அவரு தொண்டையில இருந்துச்சு” என்றான் பேரன். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டம் தோட்டமாகப் பாடல்களைத் திரட்டி நூலாக்கித் தந்திராவிட்டால் எத்தனையோ வரிகள் அழிந்திருக்கும். ஆனால் ஏட்டில் ஏறாத பகுதி ஒன்று எப்போதும் உண்டு. அதற்கு அந்த வட்டே சாட்சி.

முதல் வட்டு ஓடியது. இரண்டாவதும் சிற்சில தடங்கல்களோடு தேறியது. திரையில் வாத்தியார் தலைப்பாகையோடு தோன்றியதும் இஸ்தோப்பில் நின்ற கூட்டம் ‘ஆ’ என்றது. பேரன் மட்டும் பேசவில்லை. புலம்பல் உள்ள மூன்றாம் வட்டைப் போட்டேன். ஒட்டுத்தாள் ஒரு பிறைவடிவில் கழன்று, அதன் கீழே கண்ணாடி போலத் தெளிவாயிருந்தது. அதாவது அங்கே எதுவும் இல்லை.

அப்போது வாத்தியாரின் மனைவி, நான் அம்மாயி என்று அழைக்கும் முதியவர், அடுப்படியிலிருந்து ஒரு சொல் சொன்னார்: “கோத்தகிரிக்கு ஒரு செட்டு போச்சே தம்பி, மறந்திட்டியா?”

மறந்துதான் விட்டேன். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களை எண்களாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எண்களில் அண்ணன் தங்கை என்ற குறிப்பு இராது. வாத்தியாரின் தங்கை, கணவன் வீட்டாரோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வழியாக நீலகிரிக்குச் சென்றவள். அங்கும் தேயிலைதான், திரும்பி வந்தோருக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தாள். அண்ணனும் தங்கையும் அதன் பின் சந்திக்கவில்லை. 1984இல் கப்பலும் நின்றது. அண்ணனின் கூத்தைத் தங்கை பார்க்கட்டும் என்று வாத்தியார் கேட்டதன் பேரில் நான் இன்னொரு தொகுதி எரித்துத் தபாலில் அனுப்பியிருந்தேன்.

அம்மாயியின் மகள் கோத்தகிரி உறவினருக்குத் தொலைபேசி எடுத்தாள். தங்கை இப்போது இல்லை. அவள் பேரன் பேசினான். பெட்டியில் தேடிப் பார்க்கிறேன் என்றான். அவன் வீட்டிலும் வட்டுப் படிக்கும் கருவி கிடையாது. நகரத்திலுள்ள ஒரு கடையில் பழைய கணினி இருக்கிறதாம். நான் செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தேன்: வட்டினுள்ளே இருக்கும் பெரிய கோப்பை அப்படியே எடுத்து இணையவழி அனுப்பு, திரையில் ஓடவிட்டுக் கைத்தொலைபேசியால் பிடித்து அனுப்பாதே என்று இரண்டு முறை வற்புறுத்தினேன்.

அன்று இரவு வரவில்லை. மறுநாள் பகலும் வரவில்லை. பிற்பகல் இடி மின்னலோடு மழை கொட்டியது, மின்சாரமும் போயிற்று. நான் மறுநாள் அதிகாலை புறப்பட வேண்டியவன். மாலை ஆறு மணிக்கு மழை விட்ட பின், பேரன் என்னை மாரியம்மன் கோயில் மேட்டுக்கு அழைத்துச் சென்றான். அத்தோட்டத்தில் தொலைபேசி அலை ஒழுங்காகக் கிடைப்பது அங்கே மட்டுமாம். காதலர்களும் கொழும்புக்குப் பணம் கேட்போரும் அங்கேதான் நிற்கின்றனர். ஈரக் கல்லின்மேல் அமர்ந்தோம். கீழே லயங்களில் ஒவ்வொன்றாக விளக்கு வந்தது. செய்தி வந்திருந்தது. கோப்பு இறங்கி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எனக்கு அந்த விடியற்காலை நான்கு மணிகள் ஞாபகத்துக்கு வந்தன.

கோத்தகிரிப் பையன் வட்டின் படமொன்றையும் அனுப்பியிருந்தான். அதில் ஒட்டுத்தாள் இல்லை. அந்த வாரம் எனக்கு ஒட்டுத்தாள் தீர்ந்து போயிருந்தது. உறையின் மேல் மட்டும் பெயரெழுதி அனுப்பியிருக்கிறேன்.

இஸ்தோப்பில் மடிகணினியை வைத்தோம். தீப்பந்த வெளிச்சம், புகை, ரதி வேடக்காரர் மண்ணில் சரிந்து அமர்கிறார். வாத்தியார் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார், முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. பத்து இளைஞரும் கொப்பியைச் சுற்றிக் குனிந்து வரி வரியாக விரல் வைத்துக்கொண்டு போயினர். பேரன் மெல்லக் கூடவே பாடிப் பார்த்தான்.

“நிறுத்து தம்பி” என்றார் அம்மாயி. அவர் திரையைப் பார்க்கவேயில்லை; சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். “அந்த எடத்துல மனுசன் மூச்சு வாங்குவாரு. இவனுங்க அத விட்டுட்டு ஓடுறானுங்க. மறுபடி போடு.”

மறுபடி போட்டேன். பையனொருவன் தப்பை எடுத்துக்கொண்டு, காய்ச்சுவதற்காக அடுப்படிக்குப் போனான்.